செய்தி நேரத்தில் நின்ற விமானம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணி ஏழரை ஆகிவிட்டதென்று, நாடகம் முடிய இன்னும் மூன்றே நிமிஷம் பாக்கி இருக்கும்போது, டிவி நிலையத்தார் அதை அப்படியே வெட்டிவிட்டுச் செய்தி வாசிக்கிறவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள் பாருங்கள், அன்றைக்கு ஆகாயத்தில் நின்றுபோன விமானத்தின் கதைதான் இது. நின்றுபோனதென்றால் ஆணி அடித்தாற்போல நிற்கவில்லை. விமான நிலைய ஊழியர் குவார்ட்டர்ஸுக்கு மேலே, ஏழு நிமிஷத்துக்கு ஒரு சுற்று, சனிக்கிழமை வரைக்கும் வட்டமடித்துக்கொண்டே இருந்தது.

மெட்ராஸுக்கு டிவி வந்த புதுசு அது. ஒரே நிலையம், கறுப்பு வெள்ளை, சாயங்காலம் மட்டும்தான். நாடகமென்றால் முன்கூட்டிப் பிடித்துவைத்துப் போடுவதெல்லாம் கிடையாது, அங்கே நடிக்க நடிக்க இங்கே தெரியும், அங்கே தும்மினால் இங்கே தும்மல் கேட்கும். குவார்ட்டர்ஸ் நாடக மன்றத்தைக் கூப்பிட்டனுப்பினார்கள் என்றதும் ஆளுக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது. மன்றத்தின் நாடகம் ஊரறிந்தது, ஸ்டோர் கீப்பர் வேதாந்தம் எழுதியது: முப்பது வருஷத்துக்கு முன்னால் மலையில் மோதிக் காணாமற்போன ஒரு விமானம், தான் செத்துப்போனது தனக்கே தெரியாமல், ஒருநாள் விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட்டு இறங்க இடம் கேட்கிறது. கோபுரத்து அதிகாரியாகத் தீயணைப்பு வண்டி ஓட்டும் யேசுவடியான். விமானத்துக்குள்ளே கேப்டனும் பணிப்பெண்ணும் பயணிகளுமாகப் பதினோரு பேர், எல்லாரும் குவார்ட்டர்ஸ்காரர்கள்.

கேப்டன், தணிகாசலம். அவர் பெண்டாட்டி அபரஞ்சிக்குத்தான் இந்தக் கதையில் மற்ற எல்லாரையும்விடப் பாடு அதிகம், ஆகையால் அவள் பக்கத்தில் நின்றே இதைச் சொல்கிறேன். தணிகாசலத்துக்கு உத்தியோகம், வந்து இறங்குகிற விமானத்துக்கு எதிரே ரெண்டு கையிலும் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, வா, வா, இன்னும் வா, நில் என்று கை காட்டுவது. ஆள் உயரம், குரல் கணீர், தொப்பி வைத்தால் கேப்டன், கிரீடம் வைத்தால் ராஜா. மனப்பாடம் மட்டும் சுத்தமாக வராது. அதனால் பன்னிரண்டு வருஷமாக, எந்த நாடகமானாலும் மேடையின் இடப்பக்கப் படுதாவுக்குப் பின்னால் மோடா போட்டு உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்துக்கொண்டு, அவருக்கு அடி எடுத்துக் கொடுக்கிறவள் அபரஞ்சி. முழு வசனமும் வேண்டாம், முதல் ரெண்டு வார்த்தை போதும். மேட்டிலிருந்து சைக்கிளைத் தள்ளிவிட்டாற்போல மிச்சத்தை அவரே உருட்டிக்கொண்டு போய்விடுவார், நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. முன்வரிசைக்குக் கேட்காமல் அவருக்கு மட்டும் கேட்கிற ஒரு குரல் அவளுக்கு வாய்த்திருந்தது. நாடகம் முடிந்து திரை விழுந்த பிறகும் மனுஷன் சிலைமாதிரி நிற்பார், முடிந்தது அவருக்குத் தெரியாது. "முடிஞ்சிருச்சு, வாங்க" என்று இவள் சொன்ன பிறகுதான் தோளைத் தளர்த்திக்கொண்டு உள்ளே வருவார். மன்றத்தில் எல்லாருக்கும் அது சிரிப்பு. இவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

டிவி நிலையத்தில் அந்த மோடாவுக்கு இடமில்லை என்றுவிட்டார்கள். "கொசு பறந்தாக்கூட மைக் பிடிச்சிரும்மா, நீங்க உள்ள வரவே கூடாது" என்றார் நிகழ்ச்சி அதிகாரி கேசவமூர்த்தி. அதோடு விட்டாரா? சர்க்கார் டிவியில் பேய் பிசாசெல்லாம் காட்டக் கூடாதென்று நாடகத்தின் முடிவையும் மாற்றி, ஒரே ஒரு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தார். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு தணிகாசலம் ஒரு வாரம் தலைகீழாக நின்று பார்த்தார். "பயமா இருக்கு அபரஞ்சி, நீ இல்லாம நான் எப்படி?" என்று வேனில் ஏறும்போதுகூடக் கேட்டார். "ரெண்டு மணி நேர வேலை, போயிட்டு வந்துருங்க" என்று அனுப்பிவைத்தவள் இவள்தான்.

அனுப்பிவிட்டு, குவார்ட்டர்ஸே திரண்டு உட்கார்ந்திருந்த மனமகிழ் மன்றத்து ஹாலில், டிவிப் பெட்டிக்கு நேரே தரையில் உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் நன்றாகவே போயிற்று. அட்டையும் பிளைவுட்டும் வைத்து ஒட்டிய விமானம் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியில் தணிகாசலம், "கோபுரம், கோபுரம், இறங்க இடம் சொல்லுங்கள்" என்று கணீரென்று கேட்டார். கேட்டுவிட்டு வாயைத் திறந்தபடி இடப்பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அதே நொடியில் அவர் முகத்தின் மேல் விளக்கு அணைந்தது. செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னார். ஐயோ, வசனத்துக்கு என்னைத் தேடுறாரே என்று அபரஞ்சி தரையிலிருந்து எழுந்துவிட்டாள்.

வேன் திரும்பி வந்தபோது உள்ளே யேசுவடியான் ஒருத்தன்தான் இருந்தான். "அண்ணி, லைட்டு திரும்பப் போட்டப்ப விமானத்தையே காணோம் அண்ணி. செட்டு இருந்த இடத்துல நாலு செங்கல்லுதான் கிடந்துச்சு. கேசவமூர்த்தி சார்கிட்டக் கேட்டா, ஸ்டுடியோவ ஒழிச்சுக் குடுத்ததுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கன்னுட்டாரு" என்று மூச்சு வாங்கச் சொன்னான்.

திங்கட்கிழமை காலை, பால்காரர் வருகிற நேரத்துக்கு, விமானம் குவார்ட்டர்ஸுக்கு மேலே வந்துவிட்டது. தென்னைமர உயரத்தில்தான் பறந்தது. அட்டை ஒட்டிய இடமும், ஒட்டுக்குப் பயன்படுத்திய பழைய செய்தித்தாளின் எழுத்தும், ஜன்னல் ஜன்னலாகப் பதினோரு முகமும் கீழேயிருந்தே தெரிந்தன. ஒவ்வொரு சுற்றிலும் தலைக்கு மேலே வந்ததும், "கோபுரம், கோபுரம், இறங்க இடம் சொல்லுங்கள்" என்று தணிகாசலத்தின் குரல் கேட்கும், பிறகு பதிலுக்குக் காத்திருக்கிறாற்போல ஒரு மௌனம், அப்புறம் விமானம் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக வளைந்து போய்விடும்.

குவார்ட்டர்ஸ் ஜனங்கள் விமானத்தோடு பிழைப்பவர்கள், ஒரு விமானம் மேலே நிற்கிறதென்பதற்காக அலறிப் புடைத்து ஓடுகிறவர்கள் இல்லை. நிஜக் கோபுரத்துக்காரர்கள் மற்ற விமானங்களிடம், நம்ம ஆளுங்க சுத்திட்டிருக்காங்க, கொஞ்சம் தள்ளி வாங்க என்று சொல்லிவைத்தார்கள். நல்ல மனசோடு ஒரு பைனாகுலரையும் கொடுத்தனுப்பினார்கள். ஆபீஸில் பதினோரு பேரின் வராமையை விடுப்பென்று எழுதுவதா, அலுவல் நிமித்தமாக வெளியே என்று எழுதுவதா என்று ஒரு நாள் முழுக்க வாதாடி, தரையில் இல்லை என்று எழுதினார்கள். மொட்டைமாடிகளில் பெண்டுகள், புருஷனுக்கு அடையாளம் தெரியட்டுமென்று ஆளுக்கொரு நிறத்தில் புடவையை விரித்துக் காயப்போட்டார்கள். குடை வைத்த பயணியாக நடித்த காதர் மொய்தீனின் மனைவி மும்தாஜ், அவர் தலை தெரிகிற ஜன்னலைப் பார்த்து வீட்டு விஷயமெல்லாம் கத்திச் சொல்வாள், ஒரு சுற்றுக்கு ஒரு விஷயம். செவ்வாய்க்கிழமைக்குள் பால்காரர், ரெண்டு சுற்று கழிச்சு வர்றேன் என்று நேரம் சொல்லப் பழகிவிட்டார். புதன்கிழமை காலையில் விமானம் வந்தபோது பாதிப் பேர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அதுதான் அபரஞ்சிக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் திங்கட்கிழமை தென்னை உயரத்தில் இருந்த விமானம், செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ரெண்டு பனை உயரத்தில் இருந்தது. புதன்கிழமை ஜன்னல்கள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. ஜனங்கள் பழகப் பழக அது மேலே போனது. ஒருநாள் யாருமே தலையைத் தூக்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை, கையில் எடுத்த உருண்டை கையிலேயே காய்ந்துபோயிற்று.

"நீங்க அடி எடுத்துக் குடுத்தா அண்ணன் பேசிருவாரு, நாடகம் முடிஞ்சிரும், இறங்கிருவாங்க. இதுக்கு ஏன் அண்ணி இவ்ளோ யோசிக்கிறீங்க?" என்றான் யேசுவடியான். மைக்செட் குழாயை மொட்டைமாடியில் கட்டித் தயாராக வைத்திருந்தான்.

"எந்த வசனத்தை எடுத்துக் குடுக்கறது தம்பி?" என்றாள் அபரஞ்சி.

அவள் மடியில் ரெண்டும் இருந்தன. நோட்டில் பழைய முடிவு: நீங்கள் செத்து முப்பது வருஷம் ஆகிறது என்று கோபுரம் சொல்ல, கேப்டன், "அப்படியென்றால் நாங்கள் இறங்க வேண்டியதில்லை, ஐயா" என்பார், விமானம் வெளிச்சத்தில் கரைந்துபோகும். டைப் அடித்த தாளில் புது முடிவு: கோபுரத்து அதிகாரிக்குக் கடும் ஜுரம், நிஜத்தில் விமானமே வரவில்லை, கேப்டன், "நாங்கள் உங்கள் காய்ச்சலில் வந்தவர்கள், ஐயா" என்பார், விமானம் இல்லாமலே போகும். ரெண்டில் எதன் முதல் ரெண்டு வார்த்தையைச் சொன்னாலும் மனுஷன் மிச்சத்தை உருட்டிவிடுவார். பதினோரு பேரும் போய்விடுவார்கள், அதுவும் இவள் வாயால்.

புதன்கிழமை சாயங்காலம் மனமகிழ் மன்றத்தில் பொதுக்குழு கூடிற்று. எந்த முடிவு வேண்டுமென்று கை தூக்கச் சொன்னார்கள், ஒரு கையும் எழவில்லை. கடைசியில் வேதாந்தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "மூன்றாவதாக நான் ஒரு முடிவு எழுதித் தருகிறேன்" என்றார். எழுதினார். ராத்திரியோடு ராத்திரியாகப் பதினெட்டுப் பக்கம் எழுதினார். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் ஆளுக்கு ரெண்டு வரி சேர்க்கச் சொன்னாள், அவரும் சேர்த்தார். டைப்பிஸ்ட் லீலாவதி விமானப் பணிப்பெண்ணாக நடித்தவள், அவள் தங்கைக்காக ஒரு தாலாட்டுகூடச் சேர்த்தார்.

"சார், அவர் தலைக்கு மேல இருக்கறது அரை நிமிஷம். அதுக்குள்ள இவ்வளவையும் எப்படி?" என்று அபரஞ்சி கெஞ்சினாள்.

"உணர்ச்சி இருந்தா எல்லாம் வரும், அபரஞ்சிம்மா" என்றார் வேதாந்தம்.

வியாழக்கிழமை காலையில் மைக்செட்டில் அவரே வாசித்தார். முதல் சுற்றில் தணிகாசலம் பதில் பேசவில்லை. ரெண்டாம் சுற்றில் திணறினார். மூன்றாம் சுற்றில், நெருக்கினால் பாவம் அவருக்கு எப்போதும் நடக்கிறது நடந்தது: போன வருஷத்துத் துப்பறியும் நாடகத்திலிருந்து ஒரு வசனம் வாயில் வந்துவிட்டது. "கையைத் தூக்குங்கள் எல்லாரும்!" என்று கணீரென்று கத்தினார். விமானத்தில் பதினோரு பேரும் கையைத் தூக்கினார்கள். கேப்டனும் தூக்கினார். ஓட்டுகிற கை மேலே போனதும் விமானம் தலைகுப்புறச் சாய்ந்து குவார்ட்டர்ஸை நோக்கி வந்தது பாருங்கள், பெண்டுகள் கண்ணை மூடிக்கொண்டார்கள், மும்தாஜ் அல்லாவைக் கூப்பிட்டாள், கொடியில் காய்ந்த புடவைகளெல்லாம் காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்தன. நல்லவேளை, கை வலித்தோ என்னவோ இறக்கிவிட்டார். விமானம் சட்டென்று நிமிர்ந்து, பயந்த காக்கைமாதிரி விறுவிறுவென்று மேலே ஏறி, மேகத்துக்கு அடியில் போய்த்தான் நின்றது. வேதாந்தம் பதினெட்டுப் பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாருடைய கோபமும் அபரஞ்சி மேல் திரும்பியது. "உன் வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா இருக்கு? பன்னெண்டு வருஷமா சொல்லிக் குடுத்தவதானே, ஏதாவது சொல்லித் தொலையேன்" என்றாள் மும்தாஜ்.

"நான் என்னக்கா சொல்லுவேன்? எழுதி வச்சத எடுத்துக் குடுக்கத்தான் எனக்குத் தெரியும். சொந்தமா ஒரு வசனம் நான் சொன்னதே கிடையாதே" என்று அபரஞ்சி அழுதாள். மும்தாஜும் அழுதாள். ரெண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு சுற்று போய்விட்டது.

வெள்ளிக்கிழமை குரல் தேய்ந்தது. "கோபுரம்... இறங்க..." என்று பாதிதான் வந்தது. தனக்குத் தெரிந்த ஒரே வசனத்தையும் மனுஷன் மறக்க ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்கு விளங்கியது. இட்டிலித் தட்டில் மாவை ஊற்றினவள் அடுப்பைப் பற்றவைக்காமலே அரைமணி நேரம் அதன் எதிரே நின்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. விமானம் ஒரு பருந்து அளவுக்குச் சின்னதாகிவிட்டது. தலைக்கு மேலே வந்தது, மொட்டைமாடியில் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், எந்தக் குரலும் வரவில்லை. அடுத்த சுற்றிலும் வரவில்லை.

"பைனாகுலரக் குடுங்கக்கா" என்று மும்தாஜிடம் கேட்டாள் அபரஞ்சி. ஆறு நாளாக அதைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் ஏதாவது ஒரு வசனத்தை உளறிக் கொட்டிவிடுவோம் என்று பயம். வாங்கிக் கண்ணில் வைத்தாள். மேகம் தெரிந்தது, பிறகு அட்டை இறக்கை தெரிந்தது, பிறகு அவர் தெரிந்தார். மீசை ஒருபக்கம் பிரிந்து தொங்கியது. தோள் விறைத்து, தலையை இடப்பக்கமாகத் திருப்பி, கண்ணைக்கூட இமைக்காமல் சிலைமாதிரி உட்கார்ந்திருந்தார்.

அபரஞ்சிக்கு அப்போதுதான் பொறிதட்டியது. அட பாவி மனுஷா! இது வசனத்துக்குத் தேடுகிற பார்வை இல்லையே. வசனம் வராவிட்டால் அவர் புருவத்தைத் தூக்குவார், உதட்டை நக்குவார், பன்னிரண்டு வருஷமாக அவள் பார்க்காததா? விளக்கு அணைந்ததும் அவருக்குத் திரை விழுந்துவிட்டது, அதற்கப்புறம் சுற்றுக்குச் சுற்று கேட்டதெல்லாம் வாயில் ஒட்டிக்கொண்ட கடைசி வசனம்தான். விழுந்த பிறகு நிற்கிற நிற்பு இது. வாயைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்து, வசனத்துக்கு அலைகிறார் என்று இவளாக நினைத்துக்கொண்டு, ஆறு நாளாக நோட்டையும் தாளையும் மடியில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

யேசுவடியான் மைக்கை நீட்டினான். "வேணாம் தம்பி, நிறுத்து அதை" என்றாள். மைக்செட் உறுமல் நின்றது. மாடிச் சுவரின் இடப்பக்க மூலைக்குப் போய், கொடியில் காய்ந்த புடவைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். விமானம் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வருகிற வரைக்கும் பொறுத்திருந்தாள். தப்பாக இருந்தால் இதுவே கடைசி என்று தெரிந்தது, தெரிந்தேதான் சொன்னாள். பக்கத்தில் நின்ற மும்தாஜுக்குக்கூடக் கேட்கவில்லை.

"முடிஞ்சிருச்சு, வாங்க."

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விமானம் மூக்கைத் தாழ்த்தியது. பருந்து அளவிலிருந்து கட்டில் அளவாயிற்று, கட்டில் அளவிலிருந்து பஸ் அளவாயிற்று, தென்னந்தலைகளை உரசி, ரெண்டு கொடிக்கயிற்றை அறுத்துக்கொண்டு, வாலிபால் மைதானத்தில் வலையோடு சேர்ந்து வந்து தொப்பென்று உட்கார்ந்தது. கதவு வெறும் பெயிண்டில் வரைந்த கதவுதான், ஆகையால் யேசுவடியான் தீயணைப்புக் கோடாலியைக் கொண்டுவந்து வெட்டித் திறந்தான். வேஷத்துக்கு முகத்தில் பூசின மாவு கலையாமல் ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். லீலாவதி இறங்கினதும் தங்கையைப் பார்த்து, "பசிக்குதுடி" என்றாள். காதர் மொய்தீன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மும்தாஜ் ஆறு நாளும் கத்திச் சொன்ன ஒவ்வொரு விஷயத்துக்கும் வரிசையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

தணிகாசலம் கடைசியாக இறங்கினார். கழுத்து இடப்பக்கமாகவே பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, ஆறு நாளா அந்தப் பக்கமே பாத்துட்டிருந்தேன். நீ சொல்லவே இல்லியே" என்றார்.

கோபமில்லை அவர் குரலில், அதுதான் அவளைக் கொன்றது. எதைச் சொன்னால் போய்விடுவாரோ என்று இவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். இவள் வாயைத் திறக்கவில்லை என்றுதான் அவர் அங்கே நின்றார். அபரஞ்சி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்கிறது என்றுகூட நினைக்காமல், அவர் நெஞ்சில் நாலு குத்துக் குத்திவிட்டு, அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவர் அவள் தலைக்கு மேலே மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, "வசனமெல்லாம் சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அந்தக் குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. மனமகிழ் மன்றத்து டிவியில் எந்த நாடகம் முடிந்தாலும், பெட்டியை அணைக்கிறதுக்கு முன்னால், யாராவது ஒருத்தர் அதன் எதிரே போய் நின்று, "முடிஞ்சிருச்சு, வாங்க" என்று உள்ளே இருக்கிறவர்களுக்குச் சொல்வார்கள். செய்தி வாசிக்கிறவருக்கும் சொல்வார்கள், அவருக்கும் வீடு வாசல் இருக்கும் இல்லையா. வேதாந்தம் அதற்குப் பிறகு நாடகம் எழுதவில்லை. தணிகாசலம் நடிக்கவில்லை, கை காட்டுகிற வேலையோடு சரி.

ஆனாலும் டியூட்டி முடிந்து அவர் வீடு வரப் பத்து நிமிஷம் தாமதமானால் போதும், அபரஞ்சிக்கு அடுப்படியில் கால் தரிக்காது. காய்ந்த துணியை எடுக்கப்போகிறாற்போல மொட்டைமாடிக்கு ஏறி, பக்கத்து மாடியில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, காலியான ஆகாயத்தைப் பார்த்து, முன்வரிசைக்குக் கேட்காத அந்தக் குரலில் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குவாள்.